இடிக்கிறதா, நிறுத்துறதா?

பழைய வீட்டைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இடிப்பதென்று முடிவெடுத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். என் வாயால் அதைச் சொல்லிவிட்டால் வீட்டிலிருக்கும் பெரியவர்களைச் சமாளிக்க வசதி, அவ்வளவுதான். "மேஸ்திரியே சொல்லிட்டாரு" என்ற ஒரு வார்த்தைக்காக வீரசோழனிலிருந்து பரளச்சிக்கும் கமுதிக்கும் என்னை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மீதிப் பேர் இதற்கு நேர் எதிர். "ஒரு பூச்சு பூசிக் குடுங்க, எங்கம்மா இருக்கிற வரைக்கும் தாங்கினாப் போதும்" என்பார்கள். வீடு உண்மையில் எப்படி நிற்கிறது என்பது இரண்டு கூட்டத்துக்குமே இரண்டாம்பட்சம். கையாளாகச் சேர்ந்து, கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் நான் கண்டதைச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் இடிக்க வேண்டிய வீடுகள் பெரும்பாலும் தாத்தா கட்டியவை அல்ல, அப்பா கட்டியவை.

நான் வேலைக்கு வந்தபோது எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம். 1985-இல்தான் விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அப்போதெல்லாம் வீட்டை இடிப்பது, கட்டுவதைவிட நிதானமாகச் செய்கிற வேலை. என் தாய்மாமாதான் மேஸ்திரி. கடப்பாரையை முதல் நாளில் யாரும் தொட அவர் விடமாட்டார். முதலில் மோட்டு ஓட்டைப் பெயர்க்க வேண்டும். பிறகு இரண்டு பக்கச் சரிவிலும் ஒரே சமமாக ஓட்டை இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் கூரை பாரம் உள்ள பக்கம் சாயும், அதோடு சுவரையும் தள்ளும். ஏணியில் இரண்டு பேர், கீழே மூன்று பேர், கைக்குக் கை ஓடு மாறி வரும். தரையில் படுக்கப் போடக் கூடாது, குத்தவைத்துச் சாய்த்து அடுக்க வேண்டும். ஓடு முடிந்ததும் ரீப்பர். ஆணியைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, தகர டப்பாவில் சேர்ப்பது என்னைப் போன்ற பொடியன்களின் வேலை. அப்புறம் கைமரம், அப்புறம் கயிறு கட்டி உத்திரம், கடைசியில் நிலை. மண்சுவர் என்றால் உடைத்த மண்ணைக் குவித்துத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு மிதித்து, அதையே புதுச் சுவருக்கு வைப்பார்கள். ஒரு வீட்டை இடித்து முடித்தால் வெளியே கொட்ட ஒரு வண்டி மண்கூட மிஞ்சாது.

இன்றைக்கு ஜேசிபி காலையில் வருகிறது, மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிகிறது. பனங்கையும் தேக்கும் ஓடும் மண்ணும் ஒரே குவியலாகக் கிடக்கும். அதை அள்ளி எங்காவது கொட்ட டிராக்டர் வாடகை தனி. முன்பு இடித்த பொருளை விற்றோ திரும்ப வைத்தோ மேஸ்திரி கூலியில் ஒரு பகுதி தேறிவிடும், இப்போது இடிப்பதற்கே காசு கொடுக்கிறோம். நிலைக்கதவை மட்டும் பழைய சாமான்காரர் முந்தின நாளே வந்து பேசி எடுத்துப் போய்விடுவார். அது காரைக்குடிக் கடைக்குப் போய் வேறு விலைக்கு நிற்கும். செட்டிநாட்டு வீடுகள் எத்தனை இப்படித் தூண் தூணாகக் கடைக்குப் போயின என்பது அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

பனங்கையைப் பற்றி ஒன்று. முத்தின பனையை நீளவாக்கில் பிளந்து சோற்றைச் செதுக்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவது கறுப்பு வைரம். கூரைக்கு ஏறினால் அதற்குச் சாவே கிடையாது, தண்ணீர் படாதவரை. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கப்புறமும் பழைய வீட்டுப் பனங்கையை விறகுக்குப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்காது. நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாத மரம் அது.

வீட்டுக்குள் போனதும் எல்லோரும் சுவரைத்தான் காட்டுவார்கள். நான் அண்ணாந்து பார்ப்பேன், அப்புறம் குனிந்து பார்ப்பேன். நடுவில் இருக்கும் சுவர் கடைசி. மேலே பார்க்க வேண்டியது கைமரமும் உத்திரமும் சுவருக்குள் நுழைகிற இடம். மரம் நடுவில் கெடுவது அபூர்வம், சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் போகும். ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். வைரம் இருந்தால் முனை வழுக்கும், கரையான் தின்றிருந்தால் பிடி வரைக்கும் இறங்கும். முனை மட்டும் போயிருந்தால் அடியில் ஒரு தூணோ பிராக்கெட்டோ கொடுத்து நிறுத்திவிடலாம். கீழே பார்க்க வேண்டியது தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உள்ள சுவர். உவர் ஏறியிருக்கிறதா, எலி தோண்டியிருக்கிறதா, தெருத் தண்ணீர் அண்டுகிறதா. இந்த இரண்டு இடமும் நன்றாக இருந்தால் அந்த வீட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. நடுச்சுவர் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இரண்டு வகைச் சுவர். செவல் மண்ணை வைக்கோலோடு மிதித்து, ஒரு படை வைத்துக் காயவிட்டு, அதன்மேல் மறுபடை வைத்து எழுப்பிய மண்சுவர் ஒன்று. ஒன்றரை அடி, இரண்டு அடி கனம் இருக்கும். வசதியானவர்கள் வைத்தது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். காரையை மாடு கட்டிய செக்கில் அரைத்து எடுத்த காலம் அது. பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிற சீமை இது. அந்தக் கல்லே பிறகு சிமெண்டுக்குப் போனது. விருதுநகர் பக்கத்தில் ஆர்.ஆர். நகர் ஆலை 1960-களிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் வீரசோழன், நரிக்குடிப் பக்கத்துச் சாதாரண வீடுகளுக்குச் சிமெண்ட் தாராளமாக வர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. வந்ததும் முதலில் செய்த காரியம், மண்சுவர் மேலும் காரைச்சுவர் மேலும் சிமெண்ட் பூசியதுதான்.

அந்தப் பூச்சு எத்தனை வீடுகளைக் கெடுத்தது என்பதற்குக் கணக்கே இல்லை. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடியிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே வர முடியாமல் சுவருக்குள்ளேயே நிற்கும். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். கரண்டிக் காம்பால் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். பூச்சை உரித்தால் உள்ளே மண் சேறாகக் குழைந்திருக்கும். "வயசாயிருச்சு, இடிச்சிரலாம்" என்று காட்டிய சுவர்களில் பாதிக்கு வயசு காரணமே இல்லை. சிமெண்டை உரித்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினால் நிற்கும். இங்கிலாந்தில் டெவன் என்ற பகுதியில் மண்ணையும் வைக்கோலையும் மிதித்து இதே மாதிரி எழுப்பிய வீடுகளில் பல நூறு வருஷமாக ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று ஒரு இன்ஜினியர் சொன்னார். நம் ஊரைவிட ஈரமான ஊர். அங்கேயும் சிமெண்ட் பூசிய வீடுகள்தான் முதலில் விழுகின்றனவாம்.

விரிசலுக்கு வருகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் பூமியில் ஓர் ஆசிரியர் வீடு. மூன்று அறை, ஓட்டுக் கூரை, செங்கல் சுவர். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல், ஐந்து விரல் நுழையும். நான் போனது வைகாசி. "சார், இப்ப எதுவும் சொல்ல முடியாது. ஐப்பசி மழை கழிச்சு வந்து பார்க்கிறேன்" என்றேன். விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடிச் சில்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அசையாவிட்டால் நிற்கும். பழைய முறைதான், இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது. கார்த்திகையில் போனபோது மூன்று சில்லும் உடைந்திருந்தன. விரிசல் அகலம் பாதியாகக் குறைந்திருந்தது.

அப்படியென்றால் சுவரில் குற்றம் இல்லை, மண்தான் வேலை செய்கிறது. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரை வைகாசியில் காட்டில் கால் நுழைகிற அளவு பிளக்கிற அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. அந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது, விரிசல் விழுந்த மூலைக்கு ஆறடி தள்ளி ஒரு பெரிய வேம்பு. கோடையில் அந்த மூலையின் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும், அங்கே மட்டும் மண் கூடுதலாக அமரும். நான் சொன்ன வைத்தியம் இதுதான்: மரத்தைக் கவாத்து செய்யுங்கள், வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குத் தளம் போட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுங்கள், விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட்டு இரண்டு வருஷம் பாருங்கள். அவருக்குத் திருப்தி இல்லை. மகன் வேறொருவரை வைத்து வீட்டை இடித்து, நாலடி வாணம் தோண்டிப் புதிதாகக் கட்டினார். வாணம் முழுக்கக் கரிசலுக்குள்ளேயே நின்றது. மூன்றாவது கோடையில் புது வீட்டிலும் அதே மூலையில் விரிசல். வேம்பு அங்கேயே நிற்கிறது.

விரிசலுக்காக இடிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: புது வீட்டை எதன்மேல் நிறுத்தப் போகிறீர்கள்? கரிசல் ஆழமாக இருக்கிற இடத்தில் நாலடி வாணமெல்லாம் கண்துடைப்பு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்கென்றே 'அண்டர் ரீம்' பைல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குழியைக் கீழே குடம் போல அகலப்படுத்திக் கான்கிரீட் ஊற்றுவது. மூன்றரை மீட்டர் ஆழமாவது போக வேண்டும், ஏனென்றால் அதற்குக் கீழே மழையும் வெயிலும் மண்ணை அவ்வளவாக அசைப்பதில்லை. அதற்குப் பணம் வைத்திருந்தால் இடியுங்கள். இல்லையென்றால் பழைய விரிசலையே வைத்துக்கொள்ளுங்கள், அதன் குணமாவது உங்களுக்குத் தெரியும். வீரசோழன் பக்கம் செவலும் மணலும் கலந்த இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஒரே ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் மண் மாறும். குழி தோண்டிப் பார்க்காமல் பேசவே கூடாது.

இப்போது அப்பாக்கள் கட்டிய வீடு. எங்கள் ஊரிலேயே ஒரு வீடு. தெருப்பக்கம் திண்ணையோடு சீமை ஓட்டு வீடு, தாத்தா காலத்தது. பின்னால் 1980-களின் கடைசியில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய இரண்டு அறை, மேலே கான்கிரீட் ஒட்டு. பேரன் ஊருக்குத் திரும்பியிருந்தார், முப்பத்தைந்து வயசு இருக்கும். "அண்ணே, முன்னாடி இருக்கிற ஓட்டு வீட்டை எடுத்துட்டு, பின்னாடிக் கட்டடத்தோட சேர்த்து இழுத்து மாடி வீடாக் கட்டிருவோம். அத்தா போட்ட ஒட்டு ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார். அத்தா என்றது அவர் அப்பாவை. ஓட்டு வீட்டில் இரண்டு கைமரத்தின் முனை போயிருந்தது, ரீப்பர் முழுக்க மாற்ற வேண்டும், ஓட்டில் காலே அரைக்கால் உடைசல். அவ்வளவுதான். தேக்கு உத்திரம் ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது.

பின்கட்டுக்குப் போனோம். உள்ளே கட்டில் இல்லை, சாமான் அடைந்து கிடந்தது. அவருடைய அம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டார். "நான் முன்னாடிதான்ப்பா படுக்கிறேன். இங்க ராத்திரி பொடிப்பொடியா உதிருது" என்றார். சுத்தியல் காம்பால் மேலே தட்டிக்கொண்டே வந்தேன். ஓரத்தில் கெட்டிச் சத்தம், நடுவில் வரவரப் பொள்ளல். ஒரு இடத்தில் லேசாக நெம்பியதும் ஒரு முறம் அளவுக்குப் பூச்சும் கான்கிரீட்டும் சேர்ந்து விழுந்தது. உள்ளே 8 எம்எம் கம்பி. விரலால் நிமிண்டினால் செதில் செதிலாக உரிந்தது, நடுவில் கம்பி பாதிகூட இல்லை. கம்பிக்கு அடியில் முக்கால் அங்குலமாவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இங்கே சென்ட்ரிங் பலகை மேலேயே கம்பியைப் படுக்க வைத்து ஊற்றியிருந்தார்கள், மூடியிருந்தது வெறும் பூச்சுதான்.

அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தது. கம்பி கட்டுகிறவருக்கு கவர் கல் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கலவைக்கு எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. ஊருணித் தண்ணீர் குடிக்க. கட்டிடத்துக்குப் போர்வெல் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் போர்வெல்களில் எத்தனை அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறீர்கள்? உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மழைத் தண்ணீர் தேங்கும் ஒட்டில் தட்டோடும் பதிக்கவில்லை என்றால் முப்பது வருஷத்தில் கதை முடிந்துவிடும்.

கம்பி கொஞ்சம்தான் தேய்ந்திருந்தால் வழி உண்டு. கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மருந்து அடித்து, பக்கத்தில் புதுக் கம்பி வைத்து, பாலிமர் கலந்த சாந்து பூசலாம். நானே நிறைய வீடுகளுக்குச் செய்திருக்கிறேன். நடுக்கம்பிகள் பாதிக்கு மேல் போன ஒட்டுக்கு அந்தச் செலவு வீண். "தம்பி, நீங்க சொன்னதைத் திருப்பிப் போடுங்க. பின்னாடியை இடிச்சிட்டு முன்னாடியை வச்சுக்கிருவோம்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. அத்தாவின் சம்பாத்தியம் அது. அந்த இரண்டு அறைக்காக அவர் எத்தனை வருஷம் பாலைவனத்தில் கிடந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மேலே பேசவில்லை. பூச்சு உதிர்ந்த இடத்துக்குக் கீழே ஒரு தடவை உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த மாதம் பின்கட்டை இடித்தோம். முன்வீட்டுக்கு ரீப்பர் மாற்றி, ஓடு புரட்டி அடுக்கி, உடைந்ததற்கு வேறு வீட்டில் இறக்கிய பழைய ஓட்டையே வாங்கிப் போட்டோம். பின்னால் மேற்கத்தியக் கக்கூஸோடு புது அறை. மாடியைத் தாங்குகிற அஸ்திவாரம் புதுக்கட்டிடத்துக்கு மட்டும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2000-2001-க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க என்றே தமிழக அரசு 2024-இல் தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கூரைவீட்டுக்கு மட்டும் நான் இந்த வாதமெல்லாம் பேசுவதில்லை. பனையோலைக் கூரை, குட்டைச் சுவர், மழைக்கு நனைகிற அடுப்பு. அதைக் காப்பாற்றச் சொல்கிறவர் அதில் ஒரு ஐப்பசி இருந்து பார்க்கட்டும். 1985-இல் ஆரம்பித்த இந்திரா நினைவுக் குடியிருப்பு, 2010-இன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இன் பசுமை வீடு, 2016 முதல் பிரதமர் வீடு, இப்போது கலைஞர் கனவு இல்லம் என்று எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள். கனவு இல்லத்துக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபாய். கையிலிருந்து கொஞ்சம் போடாமல் முடியாது, ஆனாலும் அந்த ஜனங்களுக்கு அது வீடு. ஒன்று மட்டும் சொல்வேன்: முதல் தவணை வருமுன் கூரையைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டு வேப்பமரத்தடியில் சமைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணமும் மண்ணும் சரியாக இருந்தும் இடிப்பது நின்றுபோவது காகிதத்தில். ஊருக்குள் இருப்பதெல்லாம் நத்தம். வீடு நிற்கிறவரை எல்லை எது என்று யாரும் கேட்பதில்லை, சுவரே எல்லை. சுவர் போன மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் கயிறோடு வருவார். அதுவும் பொதுச்சுவர் என்றால், உங்கள் பக்கக் கூரையை எடுத்ததும் அவர் வீட்டுக் கைமரம் அந்தரத்தில் நிற்கும். அண்ணன் தம்பி பாகம் பிரியாத வீட்டில் ஒருவர் மட்டும் இடித்தால் வழக்கு நிச்சயம். பழைய வீட்டு மீட்டரிலேயே கட்டிட வேலைக்குக் கரண்ட் எடுக்கலாமா, தற்காலிக இணைப்பு வாங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், தற்காலிக இணைப்புக்குத் தனி ரேட். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் அனுமதி கிடைக்கிறது, அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் பட்டா உங்கள் பெயரில் இல்லையென்றால் அந்தக் கதவும் திறக்காது. முதலில் பட்டா, அப்புறம் கடப்பாரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடாக இருந்தால் ஷீட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்துக்கொண்டே முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, இறக்குகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

தெருவும் வீட்டை இடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே சிமெண்டும் பேவர் பிளாக்கும் போட்டு, இரண்டு படி ஏறிப் போன வீடுகள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகும்படி ஆகிவிட்டன, தெருத் தண்ணீர் உள்ளே வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள், அது பெல்ட் போட்ட செங்கல் கட்டிடத்துக்குத்தான் ஆகும். மண்சுவரைத் தூக்க முடியாது. நல்ல வீட்டை இடிக்கச் சொல்லி நான் வாயால் சொன்னது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காட்டு வீடு. மிளகாய்க் காட்டுக்கு நடுவில் ஒற்றை அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம். வத்தல் மூட்டை போடவும், ஆட்டுக்குட்டிகளை அடைக்கவும், மத்தியானம் தலைசாய்க்கவும். கண்மாய் மறுகால் பாய்ந்தால் சுவரடியில் தண்ணீர் நிற்கும். முழங்கால் உயரத்துக்கு மண் கரைந்து சுவர் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் நின்றது. எலி வளை வேறு. குண்டுநூல் விட்டுப் பார்த்தேன், சுவர் ஒரு சாண் வெளியே தள்ளியிருந்தது. அந்த அக்கா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, இதை இடிச்சா திரும்பக் கட்ட என்னால ஆகுமா?" பழைய வீட்டைப் பற்றி என்னிடம் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான்.

ஆகும்படி செய்தோம். பழையதை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்துவிட்டு, பத்தடி தள்ளி மேட்டில் இரண்டடிக் கருங்கல் கட்டுமானம் எழுப்பி, அதன்மேல் புதுச் சுவர் வைத்தோம். அதுவரை மூட்டையும் ஆடும் பழைய கூரைக்குக் கீழேயே. சுவர் முடிந்த பிறகு, என் மாமா சொல்லிக்கொடுத்தபடி மோட்டு ஓட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக இறக்கினோம். பனங்கை அத்தனையும் தேறியது, நாட்டு ஓட்டில் முக்கால்வாசி தேறியது. கதவு அதே கதவு. விலைக்கு வாங்கியது கல்லும் செங்கல்லும் கொஞ்சம் சிமெண்டும்தான். ஜேசிபியை உள்ளே விட்டிருந்தால் அந்த வீடு இன்றைக்குத் தகரக் கொட்டகையாக நின்றிருக்கும், வைகாசியில் உள்ளே ஆள் இருக்க முடியாது.

திருச்சுழிக்குப் போகிறவர்கள் ரமணர் பிறந்த சுந்தர மந்திரத்தையும் ஒரு எட்டுப் பாருங்கள். 1879-இல் அவர் பிறந்த வீடு. விருதுநகரில் காமராஜர் வீடும் நிற்கிறது. மகான்கள், தலைவர்கள் வீடு என்பதால் நிற்கின்றன என்று நினைக்க வேண்டாம், வருஷா வருஷம் யாரோ கூரை ஏறிப் பார்ப்பதால் நிற்கின்றன. நம் வீட்டில் ஒழுகுகிற இடத்துக்கு அடியில் குண்டாவை வைத்துவிட்டு அடுத்த மழை வரை மறந்துவிடுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18-இல் தெற்கே பெய்த மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், எங்கள் மாவட்டத்தின் ஒரு வருஷ மழையைவிட அதிகம். அதற்கப்புறம் ஒரு மாதம் என் போன் ஓயவில்லை. எல்லோரும் இடிக்கத்தான் கேட்டார்கள். பயத்தில் எடுக்கிற முடிவு அது. அடுத்த சித்திரையில் கூப்பிட்டவர்கள் பாதிகூட இல்லை, வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடு. ஆகவே பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: முடிவை ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒழுகலைக் கார்த்திகையில் காட்டுங்கள், விரிசலைச் சித்திரையில் காட்டுங்கள். இரண்டையும் பார்க்காமல் "இடிங்க" என்று சொல்கிற மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், அது நானாகவே இருந்தாலும்.